தறுகண் இல்லாப் பெருமிதம்: ‘போச்சி த ராக்!’ அனிமே தொடரில் அச்சமும் நகையும்

ஆய்வுச் சுருக்கம்

ஹமாஜி அகியின் சித்திரக்கதையைத் தழுவி 2022ஆம் ஆண்டில் ஒளிபரப்பான ‘போச்சி த ராக்!’ என்னும் ஜப்பானிய அனிமே தொடர், பிறர் முன் நிற்க அஞ்சி ஒடுங்கும் பள்ளி மாணவி ஒருத்தியை முதன்மைப் பாத்திரமாகக் கொண்டது. அவள் சிறிது சிறிதாகத் தன் அச்சத்தை வென்றுவிடுகிறாள் என்பதே இத்தொடர் குறித்த பொதுவான வாசிப்பு. இக்கட்டுரை அதனை ஏற்கவில்லை. நகை, அச்சம், பெருமிதம் ஆகியவற்றுக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்துள்ள நிலைக்களங்களைத் துணைக்கருவியாகக் கொண்டு, அச்சம் நீங்காமலேயே பெருமிதம் பிறக்கும் ஒரு வழியை இத்தொடர் காட்டுகிறது என்பதையும், அதனோடு சேர்ந்து பார்வையாளரின் நகை எவ்வாறு தன்மை மாறுகிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அனிமே, சமூக அச்சம், மெய்ப்பாடு, நகை, அச்சம், பெருமிதம், தறுகண், மொரிதா சிகிச்சை.

முன்னுரை

மேடையில் மாம்பழம் அடைத்து வந்த அட்டைப் பெட்டி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு பெண் குனிந்து அமர்ந்து கிட்டார் வாசிக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி டிரம்ஸ், இன்னொருத்தி பேஸ் கிட்டார். பாடகி ஓடிவிட்டதால் பாட்டு இல்லை. கேட்க வந்திருக்கும் சிலருக்கும் அந்தப் பெட்டி எதற்கு என்று புரிந்ததாகத் தெரியவில்லை. ‘போச்சி த ராக்!’ தொடரின் முதற்பகுதி தன் நாயகியை நமக்கு மேடையேற்றிக் காட்டும் முறை இது.

அவள் பெயர் கோதோ ஹிதோரி. ‘ஹிதோரி’ என்றால் ஜப்பானிய மொழியில் ‘ஒருவர்’, ‘தனியே’ என்று பொருள். தனித்துக் கிடப்பவரைக் குறிக்கும் ‘ஹிதோரிபோச்சி’ என்னும் சொல்லின் வாலை அறுத்து ‘போச்சி’ என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைக்கிறார்கள். அவளுடைய தங்கையின் பெயர் ஃபுதாரி; ‘இருவர்’ என்று பொருள். பெற்றோர் எண்ணிப் பெயரிட்டார்களா, எண்ணிக்கை பார்த்துப் பெயரிட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

மூலமான சித்திரக்கதை, ‘மங்கா டைம் கிராரா மேக்ஸ்’ இதழில் வந்த நான்கு கட்ட நகைச்சுவைத் தொடர். குளோவர்வொர்க்ஸ் நிறுவனம் அதை 12 பகுதிகளாக்கியது. 2022 அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது ஒளிபரப்பானது. இயக்கம் சைத்தோ கெய்இச்சிரோ, திரைக்கதைத் தொகுப்பு யோஷிதா எரிகா. ஹிதோரிக்குக் குரல் கொடுத்தவர் அவோயாமா யோஷினோ. நான்கு பெண்கள் சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்துகிறார்கள் என்பதற்கு மேல் இதில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

‘கூச்சம் மிகுந்த ஒருத்தி நண்பர்களைப் பெற்று மெல்ல மாறுகிறாள்’ என்று இத்தொடரைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அப்படியானால் 12ஆம் பகுதியின் முடிவில் அவள் எவ்வளவு மாறியிருக்கிறாள் என்று கணக்குப் பார்ப்பது நியாயம். கணக்கு ஏமாற்றமளிக்கிறது. அவள் இன்னமும் எந்த விடையையும் ‘அ...’ என்ற திணறலோடுதான் தொடங்குகிறாள். புதியவர் எதிர்ப்பட்டால் இன்னமும் உருக்குலைகிறாள். வகுப்பில் இயல்பாகப் பழகுபவர் என்று அவளுக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிடவும் இல்லை. ஆயினும் ஏதோ ஒன்று நிகழ்ந்திருக்கிறது என்ற உணர்வு பார்வையாளருக்கு உறுதியாக இருக்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

இதற்கு மெய்ப்பாட்டியலைத் துணைகொள்வது குறித்து ஒரு சொல். ஜப்பானியப் படைப்புக்கும் தொல்காப்பியத்துக்கும் உறவு கற்பிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. உள்ளத்து நிகழ்வு உடலில் எவ்வாறு வெளிப்படுகிறது, அது எந்தக் களத்திலிருந்து பிறக்கிறது என்று பகுத்துக் கேட்கும் பழக்கத்தை அவ்வியல் நமக்குத் தந்திருக்கிறது. அந்தப் பழக்கம் இங்கே பயன்படுகிறது, அவ்வளவே.

அச்சத்தின் களம்

அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினை அச்சத்தின் நிலைக்களங்களாகத் தொல்காப்பியம் கூறுகிறது. நான்கும் அஞ்சுபவருக்குப் புறத்தே உள்ளவை; தீங்கு செய்யவோ தண்டிக்கவோ வல்லவை. ஹிதோரி அஞ்சும் வகுப்புத் தோழியர் இவற்றுள் எதிலும் அடங்கார். அவர்கள் அவளைத் துன்புறுத்தியதாகத் தொடர் எங்கும் காட்டவில்லை. இது கவனிக்கத்தக்கது. பள்ளியில் தனித்துப்போன பாத்திரம் என்றால், பின்னணியில் ஒரு கொடுமையை வைத்துக் காரணம் சொல்வது கதைசொல்லிகளுக்கு எளிது. இங்கே அப்படிக் குற்றம் சுமத்த ஆளே இல்லை. நடுநிலைப்பள்ளியில் மதிய உணவு வேளை ஒலிபரப்புக்கு அவள் ‘டெத் மெட்டல்’ பாட்டு ஒன்றை விரும்பிக் கேட்டாள், வகுப்பு உறைந்துபோனது. அவள் நினைவில் ஆறாத புண்ணாகக் கிடப்பது இதுபோன்ற நிகழ்ச்சிதான். அவள் மறக்காத அதைப் பிறர் மறந்தே போயிருக்கலாம்.

ஜப்பானிய உளமருத்துவம் நெடுங்காலமாகத் ‘தைஜின் கியோஃபுஷோ’ என ஒரு நிலையைத் தனித்துக் குறித்துவந்திருக்கிறது. ‘மனிதர் முன் அச்சம்’ என்று அதைப் பெயர்க்கலாம். பிறர் தன்னை இகழ்வர் என்ற அச்சத்தோடு, தன் பார்வையும் முகமும் இருப்பும் பிறருக்குத் தொல்லையாகிவிடும் என்ற அச்சமும் இதில் முனைப்பாக இருக்கும். அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் 2013ஆம் ஆண்டு நோய்க்கண்டறி கையேடும் இதைப் பண்பாட்டுச் சார்புடைய துயர்நிலைகளுள் ஒன்றாகப் பதிவு செய்கிறது. ஹிதோரி ஓயாமல் மன்னிப்புக் கேட்கிறாள். தான் வாய் திறந்தால் அந்த இடத்தின் கலகலப்புக் கெட்டுவிடும் என்பது அவள் முடிவு. எனவே அவளுடைய அச்சத்தின் களம் எதிரே நிற்பவர் அல்லர். அவர் கண்ணில் தெரியப்போகும் தானே. மெய்ப்பாட்டியல் சொற்களில் வைத்துப் பார்த்தால் இது இளிவரலின் எல்லையில் நிற்கும் அச்சம்.

அவளை ‘ஹிகிகொமோரி’ என்று வகைப்படுத்துவது பிழை. சைத்தோ தமாகி 1998இல் எழுதிய நூலால் பரவலான அச்சொல், மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து சமூகத்திலிருந்து விலகிவிட்டவர்களைக் குறிக்கிறது. ஹிதோரி நாள்தோறும் பள்ளி செல்கிறாள். அதுவும் எவ்வாறு? யோகோஹாமாவின் தென்கோடியில் உள்ள கனசாவா-ஹக்கேய் பகுதியிலிருந்து தோக்கியோவுக்கு ஒரு வழிக்கு 2 மணி நேரம் ரயிலில் போகிறாள். தன் பழங்கதை அறிந்தவர் எவரும் இல்லாத பள்ளி வேண்டும் என்பதற்காகவே அத்தனை தொலைவு. மனிதரிடமிருந்து விலக ஒருத்தி நாளுக்கு 4 மணி நேரம் கூட்ட நெரிசலில் மனிதரோடு பயணம் செய்கிறாள். இந்த முரணில்தான் தொடரின் நகைச்சுவையும் துயரமும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. அவளுக்கு மனிதர் வேண்டாம் என்பதில்லை. மிகவும் வேண்டும். கிட்டாரை முதுகில் சுமந்து, இசைக்குழுச் சின்னங்கள் பொறித்த பொருள்களைப் பையில் மாட்டிக்கொண்டு, யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று வகுப்பில் காத்திருப்பவள் அவள். ஒருவரும் கேட்பதில்லை.

மெய்ப்பாடாகும் உடல்

அச்சமுற்றவனிடத்தில் நிகழும் அச்சம் புறப்பட்டுக் காண்போருக்குப் புலனாவதே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர் காட்டும் விளக்கம். நடிகரின் உடலுக்கு இதில் ஓர் எல்லை உண்டு. வியர்க்கலாம், நடுங்கலாம், நாக் குழறலாம். வரையப்பட்ட உடலுக்கு அந்த எல்லை இல்லை. ஹிதோரி கூழாக உருகி வழிகிறாள்; பொடியாக உதிர்ந்து காற்றில் பறக்கிறாள்; கண் மூக்கு இடம் மாறி முகம் கலைகிறது; ஜப்பானிய நாட்டார் நம்பிக்கையில் வரும் தடித்த குட்டைப் பாம்பான ‘ட்சுசினோகோ’வாகத் தரையில் கிடக்கிறாள். ஓவியத்தின் நடுவே சட்டென்று நிஜ உலகப் படப்பதிவே வந்து விழுவதும் உண்டு. இவற்றை வெறும் கேலிச்சித்திர உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ‘உடைந்துபோனேன்’ என்று நாம் உருவகமாகச் சொல்வதைத் தொடர் அப்படியே எடுத்துக்கொண்டு உடைத்துக் காட்டுகிறது.

இதே பொருளைத் தொட்ட பிற படைப்புகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். தகிமோதோ தத்சுஹிகோவின் நாவலிலிருந்து 2006இல் அனிமேயான ‘என்.எச்.கே.வுக்கு நல்வரவு’ தொடரில் நாயகனின் அச்சம் மனமயக்கக் காட்சியாகிறது. அவன் அறையிலுள்ள மின்சாதனங்கள் அவனோடு பேசுகின்றன. ஓதா தொமோஹிதோவின் கோமி (அனிமே 2021) பேச முடியாமல் நிற்கும்போது அவளுடைய அழகை வைத்து வகுப்பு அவள் மௌனத்தைப் பெருந்தன்மை என்று பிழையாகப் படிக்கிறது. அவள் உள்ளம் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதப்படும்போதுதான் வெளியாகிறது. இருவர் நிலையிலும் அச்சம் பிறர் காணாத இடத்தில் இருக்கிறது. ஹிதோரி உருகுவதோ எல்லார் கண்ணெதிரிலும். குழுத் தோழிகள் அதைப் பார்க்கிறார்கள், முதலில் பதறுகிறார்கள், பிறகு அது அவர்களுக்குப் பழகிப்போகிறது. ‘மறுபடியும் உருகிவிட்டாள்’ என்று காத்திருந்து, மீண்டதும் பேச்சைத் தொடர்கிறார்கள். மெய்ப்பாட்டைக் ‘காண்போர்’ என்ற ஓர் உறுப்பு இங்கே கதைக்குள்ளேயே வந்துவிடுகிறது. இத்தொடரின் மாற்றத்தில் பாதி, ஹிதோரியிடம் நிகழவில்லை, காண்போரிடம் நிகழ்கிறது.

நகை யாருடையது

பிறர் முன் நடுங்கும் ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கலாமா? இத்தொடரை மறுப்பவர்கள் கேட்கக்கூடிய முதற்கேள்வி இதுதான். எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியும் அன்று. நகையின் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைத் தொல்காப்பியம் சொல்கிறது. எள்ளலுக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் இங்கு மிகவும் உதவுகிறது: ஒருவர் பிறரை எள்ளி நகுவதும் எள்ளல், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும் எள்ளல். எள்ளப்படுபவரும் நகைக்கு உரியவராகலாம் என்பது அந்தப் பகுப்பில் அடங்கியிருக்கிறது.

‘போச்சி’ என்ற பட்டப்பெயரை எடுத்துக்கொள்வோம். தனிக்கட்டை என்று ஒருத்தியை அழைப்பது வசைதான். யமடா ரியோ அதைச் சற்றும் யோசியாமல் சூட்டுகிறாள். ஹிதோரி மகிழ்ந்துபோகிறாள், பட்டப்பெயர் என்று ஒன்று அவளுக்குக் கிடைப்பது அதுவே முதன்முறை. முதலில் இது அவளுடைய இரங்கத்தக்க நிலையைக் காட்டும் நகைச்சுவை என்றே தோன்றுகிறது. ஆனால் பகுதிகள் செல்லச் செல்ல அந்தச் சொல் இடம் பெயர்கிறது. 8ஆம் பகுதியின் இறுதியில் இஜிச்சி நிஜிகா, ‘உன்னுடைய ராக் இசையை இன்னும் நிறையக் காட்டு’ என்று கேட்கும்போது தொடரின் தலைப்பே அவள் வாயிலிருந்து வருகிறது. வசைச்சொல் அங்கே ஒரு பாணியின் பெயராகியிருக்கிறது.

2013இல் வந்த ‘வதாமோதே’ தொடரின் குரோகி தொமோகோவும் இத்தகையவளே. அங்கே ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஒளிக்கருவி அவளை விட்டு விலகாமல் நிற்கும். சிரிக்கத் தொடங்கிய நாம் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிவோம். அது நேர்மையான கொடுமை. ஆனால் அந்த முதல் 12 பகுதிகளில் தொமோகோவுக்குத் தன் நிலையைப் பார்த்துத் தானே நகும் தொலைவு அரிதாகவே கிடைக்கிறது. ஹிதோரி தன் பேரழிவுகளைத் தானே முன்கூட்டிக் கற்பனை செய்து, அவற்றுக்கு உரையும் சொல்பவள். நாம் சிரிப்பதற்கு முன்பே அவள் தன்னைப் பற்றிய நகைச்சுவையைக் கட்டிமுடித்துவிடுகிறாள். போதாக்குறைக்கு அவளிடம் புகழாசையும் உண்டு. எல்லாரும் தன்னைக் கொண்டாட வேண்டும், பள்ளியை விட்டுவிட்டு இசையால் வாழ வேண்டும் என்றெல்லாம் கனவு காண்கிறாள். நோயாளியைத் தூயவளாகக் காட்டி இரக்கம் தேடும் வழக்கத்திலிருந்து இந்த அற்பத்தனமே அவளைக் காப்பாற்றுகிறது.

இருந்தும் சில இடங்களில் உருக்குலைவு, பழகிப்போன வித்தையாகி எடுபடாமல் போகிறது. குறிப்பாகப் பள்ளிக் காட்சிகள் சிலவற்றில், அவளுடைய அச்சத்தைவிட அதை எப்புதிய ஊடகத்தில் காட்டலாம் என்ற ஓவியர்களின் உற்சாகம் முந்திக்கொள்கிறது. அங்கெல்லாம் நகை ஹிதோரியை விட்டுவிட்டுத் தொழில்நுட்பத்தைப் பார்த்துக் கைதட்டுகிறது.

கண்ணும் கையும்

ஹிதோரி 3 ஆண்டுகள் நாளுக்கு 6 மணி நேரம் என்று பயின்றவள். அறையின் சுவர் அலமாரியான ‘ஒஷீரெ’க்குள் உட்கார்ந்து தந்தையின் கறுப்பு லெஸ் பால் கிட்டாரை வாசித்து, ‘கிட்டார் ஹீரோ’ என்ற பெயரில் முகம் காட்டாமல் இணையத்தில் காணொளி ஏற்றிவருகிறாள். அங்கே அவளுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. அத்தகையவள் முதன்முதலாகக் குழுவோடு ஒத்திகை பார்த்ததும் நிஜிகா, ‘சுத்தமாக வாசிக்கத் தெரியவில்லையே’ என்கிறாள். பொய்யில்லை. குழுவாக வாசிப்பது கையின் வேலை மட்டுமன்று. டிரம்ஸ்காரர் எப்போது மூச்சு வாங்குகிறார், பேஸ் எங்கே இழுக்கிறது என்று கண்ணால் அறிந்து கைக்குச் சொல்ல வேண்டும். கண்ணை நிமிர்த்த அஞ்சுபவளின் கை, எவ்வளவு தேர்ந்ததாயினும், தனியே ஓடிவிடுகிறது. சமூக அச்சத்தை ஓர் இசைச் சிக்கலாக மாற்றிக்கொண்டதே இத்தொடரின் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன். அவள் ‘தைரியமாக இரு’ என்ற அறிவுரைக்கு ஆளாவதில்லை. ‘தாளம் தப்புகிறது’ என்ற திருத்தத்துக்கு ஆளாகிறாள். முன்னதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பின்னதைப் பயிற்சி செய்யலாம்.

ஷிமோகிதாசாவாவில் உள்ள ‘ஸ்டாரி’ என்னும் சிறு இசையரங்கே கதையின் முதன்மைக் களம். 5ஆம் பகுதியில் அதன் மேலாளரும் நிஜிகாவின் அக்காளுமான செய்கா, குழுவுக்கு மேடை தரலாமா என்று சோதித்துப் பார்க்கிறாள். வாசித்து முடித்ததும் தேர்ச்சி அளித்துவிட்டுக் குறைகளையும் சொல்கிறாள். கிட்டார் வாசிக்கும் இருவரும் ஓயாமல் கீழேயே பார்க்கிறார்கள் என்பது அவற்றுள் ஒன்று. கவனிக்க: இருவரும். கலகலப்பும் துணிவும் உடைய கிதா இகுயோவும் கீழேதான் பார்க்கிறாள்; அவளுக்கு வாசிப்பு இன்னும் கைவரவில்லை. ஒருத்தி மனிதருக்கு அஞ்சிக் குனிகிறாள், மற்றவள் தந்தி தவறுமோ என்று குனிகிறாள். மேடையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே குறை. ஹிதோரியின் அச்சம் இங்கே சத்தமில்லாமல் தன் தனிச்சிறப்பை இழக்கிறது.

6ஆம் பகுதியின் தெருவோரக் காட்சி இதற்கு அடுத்த படி. விற்கவேண்டிய நுழைவுச்சீட்டு 5. பெற்றோருக்கு 2 போக மீதியை விற்க ஆளில்லாமல் தவிக்கும் ஹிதோரியை, ஹிரோய் கிகுரி என்ற ஓயாத குடிகார பேஸ் கலைஞர் தெருவில் நிறுத்தி வாசிக்க வைக்கிறார். ஹிதோரி கண்களை இறுக மூடிக்கொண்டு வாசிக்கிறாள். முன்னால் நிற்பவர் உன் பகைவர் அல்லர் என்பது கிகுரி உணர்த்த முயலும் செய்தி. கேட்டதும் அவள் தெளிந்துவிடவில்லை. கூட்டத்தில் ஒருத்தி ‘விடாதே’ என்று ஊக்கும் குரல் காதில் விழுந்த பிறகே ஒரு கண்ணை மட்டும் திறக்கிறாள். இரண்டையும் அல்ல. இவ்வளவு சிறிய அளவில் முன்னேற்றத்தை அளந்து காட்டும் துணிவு வெகுமக்கள் கலையில் அரிது.

கல்வியும் தறுகண்ணும்

பெருமிதத்தின் களங்களாகத் தொல்காப்பியம் கூறுவன கல்வி, தறுகண், இசைமை, கொடை. தறுகண் என்பது அஞ்சாமை. அது கல்வியோடு ஒன்றாக வைத்து எண்ணப்படவில்லை என்பது நமக்கு முக்கியம். பெருமிதம் அஞ்சாமையிலிருந்தும் பிறக்கலாம். அதனைச் சாராமல் கற்றதிலிருந்தும் பிறக்கலாம். அச்சத்தை ‘வெல்லும்’ கதைகள் யாவும் தறுகண்ணையே தேடிப்போகின்றன: நடுங்கியவர் ஒருநாள் நடுங்காமல் நிற்பார், அரங்கம் எழுந்து நிற்கும்.

8ஆம் பகுதியில் நடப்பது வேறு. புயலால் கூட்டம் இல்லை. ஏறக்குறைய 10 பேர். அவர்களிலும் சிலர் வேறு குழுவுக்காக வந்தவர்கள். இந்தக் குழுவைத் தெரியாது, ஆர்வமும் இல்லை என்று பேசிக்கொள்வது மேடைக்குக் கேட்கிறது. முதற்பாட்டு சரிகிறது. எப்போதும் தெம்பாக இருக்கும் நிஜிகாவின் கை தடுமாறுகிறது. கிதாவின் குரல் ஒடுங்குகிறது. அப்போது ஹிதோரி, ஒருவரும் கேட்காமலே, அடுத்த பாட்டுக்கு முன் தனிக்கிட்டார் ஒன்றைத் தொடங்குகிறாள். அவள் அஞ்சாமல் செய்தாள் என்று சொல்ல இயலாது. அச்சம் அவளுக்கு எந்நாளும் இருப்பது. மற்ற மூவருக்கு அன்றுதான் வந்தது. நடுக்கத்தோடு வாசித்துப் பழகிய கை அங்கே அவள் ஒருத்தியிடமே இருந்தது. நிஜிகா, ‘கிட்டார் ஹீரோ’ யார் என்பதைக் கண்டுகொள்வதும் அந்தக் கையைக் கேட்டுத்தான். இணையத்தில் திரண்ட புகழாகிய இசைமை அவளுக்கு இதுவரை ஒரு பெருமிதத்தையும் தரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முகமில்லாத புகழை அவளால் தன்னுடையதாக உணர முடியவில்லை.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க சிந்தனை ஜப்பானிய உளமருத்துவத்திலேயே இருக்கிறது. மொரிதா ஷோமா (1874–1938) உருவாக்கிய சிகிச்சை முறை, அச்சத்தை நீக்க முயல்வதே அச்சத்தை வளர்க்கிறது என்ற கருத்தில் எழுந்தது. உணர்ச்சியை ‘அருகமாமா’, அதாவது உள்ளவாறே, இருக்க விட்டுவிட்டுச் செய்யவேண்டிய வேலையைச் செய் என்பது அதன் சாரம். தனிமையில் படுத்திருத்தல், இலகுவான வேலை, கடினமான வேலை, வாழ்க்கைக்குத் திரும்பும் பயிற்சி என அதற்கு நான்கு கட்டங்கள். அலமாரிக்குள் கழிந்த 3 ஆண்டுகளையும் ‘ஸ்டாரி’யில் அவள் செய்யும் பகுதிநேர வேலையையும் இக்கட்டங்களோடு பொருத்திப் பார்க்கும் ஆசை எழுகிறது. படைப்பாளர்கள் அதை எண்ணிச் செய்தார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை என்பதால் அந்த ஆசையை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். வேலைக்குப் போகாதிருக்கப் பனிக்கட்டி நீரில் அமர்ந்து காய்ச்சல் வரவழைக்க முயன்று, காய்ச்சல் வராமல் வேலைக்குப் போய், ஒரு வாடிக்கையாளரிடம் முகம் நிமிர்த்திப் பானம் நீட்டிய பிறகே நோய்வாய்ப்படுகிறாள் என்ற 2ஆம் பகுதியின் நகைச்சுவை எந்த மருத்துவ முறையிலும் அடங்காது.

ஓர் ஐயம்

மேற்கண்ட வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. ஹிதோரிக்குக் கல்வி இருந்தது. இல்லாதவள் என்ன செய்வாள்? திறமை என்னும் கட்டணத்தைச் செலுத்தியவளுக்கே தோழமையின் கதவு திறக்கிறதென்றால், அச்சமுற்ற எளியவர்களுக்கு இத்தொடர் ஆறுதலாக வந்து துயரமாக முடியும்.

தொடரிலிருந்து பாதி விடை கிடைக்கிறது. பூங்காவில் தனியே அமர்ந்திருந்தவளை நிஜிகா அழைத்தது அவள் வாசிப்பைக் கேட்டு அன்று. கிட்டார் வைத்திருந்ததைப் பார்த்து. கேட்ட பிறகு வாசிப்பு மோசம் என்று தெரிந்தது. அதன் பின்பும் அவளைப் போகவிடவில்லை; மேடைக்கு வரப் பயந்தவளுக்குப் பெட்டிதான் கிடைத்தது. ஏற்பு முன்னதாகவும் திறமை பின்னதாகவும் நிகழ்ந்திருக்கின்றன. ஆனால் 8ஆம், 12ஆம் பகுதிகளின் உச்சங்கள் இரண்டுமே அவள் மேதைமையை நம்பியே கட்டப்பட்டுள்ளன என்பதையும் மறைக்க முடியாது. எஞ்சிய பாதிக்குத் தொடரிடம் விடையில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. பள்ளி விழாவில் பங்கேற்க எழுதிய விண்ணப்பத்தை ஹிதோரி குப்பையில் போடுகிறாள். கிதா அதை எடுத்துச் சமர்ப்பித்துவிடுகிறாள். விளைவு நன்றாக முடிந்ததால் இச்செயல் நட்பாகத் தோன்றுகிறது. அஞ்சுபவரின் மறுப்பை மறுப்பாக ஏற்காமல் ‘நல்லதற்குத்தான்’ என்று தள்ளிவிடும் உறவினரையும் ஆசிரியரையும் அறிந்தவர்களுக்கு இது அவ்வளவு இனிக்காது.

இருப்பினும் கிதாவைப் பற்றிய கடைசிச் சொல் அதுவாக இருக்கக்கூடாது. 12ஆம் பகுதியில், விழா மேடையில், ஹிதோரியின் கிட்டார்த் தந்தி அறுகிறது. சுருதி கூட்டும் முறுக்காணியும் பழுதாகிறது. தனிவாசிப்பு வரவேண்டிய இடம் நெருங்குகிறது. ஹிதோரி உறைகிறாள். தேர்ச்சியில் அவளைவிட எவ்வளவோ பின்தங்கிய கிதா, தன் கிட்டாரால் அந்த இடத்தை நிரப்பி நேரம் வாங்கித் தருகிறாள். தரையில் கிடந்த கிகுரியின் கண்ணாடி மதுக்குவளையைத் தந்திமேல் சறுக்கி ஹிதோரி மீண்டும் உள்ளே வருகிறாள். கிதா செய்தது பெருமிதத்தின் நான்காம் களமான கொடை. இங்கே முதன்முறையாக ஹிதோரி ஒருவரைத் தாங்கவில்லை, தாங்கப்படுகிறாள். மேதைமை குறித்த ஐயத்துக்கு இக்காட்சி முழு விடையன்று, ஆனால் அந்த ஐயம் தொடருக்கும் இருந்திருக்கிறது என்பதற்குச் சான்று. இதன் பிறகே கிதா அவளைக் குடும்பப் பெயரால் ‘கோதோ’ என்றழைப்பதை விட்டு ‘ஹிதோரி’ என்கிறாள்.

உடனே நிகழ்வது அறிந்ததே. மேடைப் பேச்சுக்கு ஒலிவாங்கி நீட்டப்பட, என்ன சொல்வதென்று அறியாத ஹிதோரி கூட்டத்துக்குள் பாய்கிறாள், ஒருவரும் பிடிக்கவில்லை, தரையில் விழுகிறாள். முதலில் பார்த்தபோது ஓர் உயர்ந்த கணத்தைக் கெடுத்த மலிவான சிரிப்பென்றே எனக்குத் தோன்றியது. மீண்டும் பார்க்கையில், தறுகண்ணால் பெற்ற வெற்றியாக இதை நாம் பிழைபடக் கொண்டுவிடாதிருக்க அந்த வீழ்ச்சி தேவைப்பட்டிருக்கிறது என்று புரிந்தது.

ஹிதோரி முதலிய நால்வரின் குடும்பப் பெயர்களும் ‘ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன்’ என்னும் ஜப்பானிய இசைக்குழுவின் நான்கு உறுப்பினரிடமிருந்து பெறப்பட்டவை. அக்குழுவின் 2008ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் தலைப்பை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை ‘உருளும் போச்சி’ என மாற்றி முதற்பகுதிக்கும், ‘உன்மேல் காலை பொழிகிறது’ என்னும் பின்பாதியைக் கடைசிப் பகுதிக்கும் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பாட்டே தொடரை முடித்துவைக்கிறது. பாடுவது ஹிதோரியின் குரல். குழுவில் அவள் பாடுபவள் அல்லள். கதைக்குள் இருக்கும் எவரும் அதைக் கேட்கவில்லை. திரையில் அவள் புதிதாக வாங்கிய கிட்டாரைச் சுமந்துகொண்டு, இன்றும் வேலைக்குப் போகவேண்டுமே என்று முணுமுணுத்தபடி நடக்கிறாள்.